சூசி கிங் டெய்லர் செவிலியரா, சலவைக்காரியா?

மகிழம்பூ:
நேற்று வேறொரு இழையில் செல்லூரான், "சூசி கிங் டெய்லர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் துணி துவைத்த சலவைக்காரி, அவ்வளவுதான். செவிலியர் என்பது பின்னால் ஏற்றிய பட்டம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1848-ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே அங்கே குற்றம். சவானாவில் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி மறைத்துக்கொண்டு போய்ப் படித்த பிள்ளை. 1862-ல் தப்பி வந்து, 14 வயதில் செயின்ட் சைமன்ஸ் தீவில் பகலில் சுமார் 40 பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் பாடம் எடுத்தார். பிறகு கறுப்பினப் படைப்பிரிவோடு போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். இவரா "அவ்வளவுதான்"?

செல்லூரான்:
கதை வேண்டாம் அக்கா. படைப் பதிவேட்டில் அவர் என்னவாக இருக்கிறார்? சலவை. செவிலியர் இல்லை. முடிந்தது.

மகிழம்பூ:
முடியவில்லை. அந்தப் படையின் லெப்டினன்ட் கர்னல் ட்ரோபிரிட்ஜ் 1902-ல் அவருக்கே கடிதம் எழுதி, ராணுவச் செவிலியர் ஓய்வூதியப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாமல் போனது வெறும் விதிச் சிக்கலால்தான் என்று வருந்துகிறார். கூட இருந்த அதிகாரிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? எட்வர்ட் டேவிஸ் என்ற வீரருக்குப் பெரியம்மை கண்டு தனிக் கூடாரத்தில் போட்டார்கள். மருத்துவரையும் முகாம் பணியாளரையும் தவிர யாருக்கும் அனுமதியில்லை. சூசி தினமும் போனார். ராத்திரி படுக்கப்போகும் முன்னும் ஒருதரம் போய்ப் பார்த்தார். டேவிஸ் பிழைக்கவில்லை.

ஊர்க்குருவி:
செவிலியர் என்றால் பயிற்சி பெற்றவரா, சம்பளம் வாங்கியவரா, வேலையைச் செய்தவரா? அதை முதலில் பேசினால் என்ன?

செல்லூரான்:
ஒரு நோயாளியைப் போய்ப் பார்த்தால் செவிலியரா? என் பாட்டியும்தான் அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை கொண்டுபோனார். நைட்டிங்கேல் இழையிலும் அக்கா இப்படித்தான் பாதியில் ஓடினார். பதிவேட்டுக்கு வாருங்கள்.

மகிழம்பூ:
ஓடவில்லை, நைட் டியூட்டிக்குப் போனேன். 22 வருஷமாக வார்டில் நிற்கிறவள். முதலில் வேலை பார்த்த இடத்தில் ஆறு மாதம் ஐ.சி.யூ. பார்த்தேன், ஏட்டில் "உதவியாளர்". பதிவேட்டின் லட்சணம் எனக்குத் தெரியும். சூசி 4 வருஷம் 3 மாதம் ஒரு டாலர்கூட வாங்காமல் உழைத்தார். அந்தப் பதிவேட்டை எழுதிய அரசாங்கம்தான் வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர், கறுப்பு வீரனுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம் என்று வைத்தது. அந்த ஏட்டையா தலையில் வைத்து ஆடுகிறீர்கள்?

வண்டல்:
தலைப்பில் "சலவைக்காரி" என்று போட்டது யாரை மட்டம்தட்ட? என் அம்மா வெளுத்த காசில் படித்தவன் நான். இரண்டு பேருமே அதை ஏதோ இழிவு மாதிரி பேசுகிறீர்கள்.

செல்லூரான்:
தலைப்பு அக்கா வைத்தது. என்னைக் கேட்காதீர்கள்.

மகிழம்பூ:
சொல் உங்களுடையது. "அவ்வளவுதான்" என்று ஒட்டியதும் நீங்கள். வண்டல் தம்பி, அவர் துவைத்ததை நான் எங்கே மறுத்தேன்?

வண்டல்:
தலைப்பை மாற்றுங்கள், பிறகு பேசலாம்.

கடலோடி:
கல்விச் சேவை என்பதும் இப்படித்தானா? போருக்குப் பிறகு சவானாவில் வீட்டிலேயே பள்ளி வைத்துப் பிள்ளைக்கு மாதம் ஒரு டாலர் வாங்கினாரே. அது சேவையா, பிழைப்பா?

மகிழம்பூ:
1866 செப்டம்பரில் கணவர் போய்ச் சேர்ந்தார். அப்போது இவர் வயிற்றில் பிள்ளை. பிழைக்காமல் என்ன செய்வார்? டாலர் வாங்கினால் சேவை இல்லை, வாங்காமல் நோயாளியைப் பார்த்தால் செவிலியர் இல்லை. ஒரு பெண் எந்தப் பக்கம்தான் போவது?

செல்லூரான்:
பேச்சு நன்றாக இருக்கிறது. பதிவேட்டில் என்ன இருக்கிறது?

மகிழம்பூ:
டேவிஸின் கூடாரத்துக்கு ராத்திரி போனது யார்? அதை நீங்கள் சொல்லுங்கள். டியூட்டிக்குக் கிளம்புகிறேன், காலையில் வந்து பார்ப்பேன். ஓடிவிட்டேன் என்று எழுதி வைக்காதீர்கள்.

செல்லூரான்:
பதிவேடு, அக்கா. பதிவேடு.