படுவான்கரையில இருந்து வந்தாறுமூலைக்கு பஸ்ஸுல: புதுசா கெம்பஸ் வாற புள்ளைகளுக்கு என்ட அனுபவம்

இந்த முறை வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு செலக்ட் ஆகி வாற தம்பி தங்கச்சிமார் கனபேர் கேட்டிருந்தீங்க, ஹொஸ்டல் கிடைக்காட்டி வீட்ட இருந்து போய்வர ஏலுமா எண்டு. ஏலும். நான் முதலாம் வருசம் முழுக்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில இருக்கிற அம்பிளாந்துறையில இருந்துதான் போய்வந்தன், இப்ப மூண்டாம் வருசம். ஆனா எல்லாரும் கேக்கிறது விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிடணும் எண்டுதான், ஒருத்தரும் பின்னேரத்தப் பத்தி கேக்கிறல்ல. என்னக் கேட்டா முதல் அதத்தான் கேக்கணும். விடிய எப்பிடியும் போய்ச் சேந்திரலாம், கொஞ்சம் பிந்தினா லெக்சர்ல பின் வாங்கில போய் இருக்கலாம், பின்னேரம் ஒரு பஸ் தவறினா மட்டக்களப்பு டவுண்ல அடுத்த பஸ்ஸும் தவறும், மறுகா பாதையும் (ஆத்தக் கடக்கிற மிதவைப் படகு) தவறும், பொழுதும் பட்டிரும்.

ரூட் தெரியாத ஆக்களுக்காக சொல்றன். அம்பிளாந்துறையில படகுப்பாதை ஏறி ஆத்தக் கடந்து குருக்கள்மடத்துல இறங்கிற, மெயின் ரோட்டுக்கு வந்து கல்முனைப் பக்கத்தால வாற பஸ்ஸ மறிக்கிற, கிரான்குளம், தாளங்குடா, ஆரையம்பதி, பேரீச்ச மரம் நிக்கிற காத்தான்குடி ரோடு, கல்லடிப் பாலம், டவுண். பஸ் ஸ்டாண்ட்ல மாறி வாழைச்சேனைப் பஸ் எடுத்தா ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை, டவுணில இருந்து 16 கிலோமீட்டர் மட்டில வரும். கல்முனையில இருந்து திருகோணமலைப் பக்கம் போற நேர் பஸ் கிடைச்சா மாறுற வேலை இல்ல, ஆனா அத நம்பி நிக்காதீங்க. பாதை ஓடாத நாள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் மண்முனைப் பாலத்தால வரணும்.

அந்தப் பாலமும் 2014லதான் திறந்தது. என்ட மாமி தொண்ணூறுகள்ல இதே கெம்பஸுக்கு போனவ, அப்ப மண்முனையிலயும் பாதைதான், கல்லடியில 1924ல கட்டின பழைய பாலம் மட்டும்தான், ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியிற வரைக்கும் மற்றப் பக்கம் நிக்கணும், அதோட சண்டைக் காலம், செக்பொயின்ட் செக்பொயின்டா இறங்கி ஐசி (அடையாள அட்டை) காட்டி நடந்துபோய் திரும்ப ஏறணும். அவ படிச்சு முடிச்சு இப்ப டீச்சரா இருக்கா. நான் களைச்சுப்போய் வாற நேரம் அவவத்தான் நினைக்கிற.

முதல் கிழமை பாதையில ஒரு அம்மம்மா என்னோட வந்தா. தயிர்முட்டி விக்கிறவ, முட்டிகள வாயில தாள் கட்டி பெரிய கூடையில அடுக்கி, ஒண்டோட ஒண்டு முட்டாம இடையில வைக்கோல் வச்சி, பாதை ஆடுற நேரமெல்லாம் ரெண்டு கையாலயும் கூடைய அணைச்சிக்கிட்டு நிப்பா. எங்க புள்ள போறாய் எண்டு கேட்டா, கெம்பஸுக்கு எண்டன். உடனே பாதை ஓட்டுற அண்ணனக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள இனி ஒவ்வொரு நாளும் வரும், பின்னேரம் இதப் பாத்துப்போட்டுத்தான் கட்டணும்" எண்டு சொன்னா. எனக்கு அந்நேரம் வெக்கமா இருந்திச்சு, எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. மறுகா எனக்கும் ஒரு விசயம் சொன்னா, போகக்குள்ளயும் இடப்பக்கம் இரு, வரக்குள்ளயும் இடப்பக்கம் இரு எண்டு. விடிய வடக்க போறம், வெயில் வலப்பக்கம், பின்னேரம் தெற்க வாறம், அப்பவும் வெயில் வலப்பக்கம்தான். சித்திரை வைகாசியில இந்தப் புத்தியோட அருமை விளங்கும்.

அவ அண்டைக்கு அப்பிடிச் சொல்லி வச்சது எனக்கு கார்த்திகை மாசம் உதவிச்சு. பிரக்டிகல் முடிய நேரமாகிட்டு, மழை ஊத்துது, கெம்பஸ் வாசல்ல நாங்க ஒரு பத்துப் பேர் நிக்கிறம், வாற பஸ் எல்லாம் நிறைஞ்சு வந்து நிப்பாட்டாமலே போகுது. கடைசியா ஒண்டுல தொங்கிக்கிட்டு டவுணுக்கு வந்து கல்முனை பஸ் ஏறினா நல்லா இருட்டிட்டு, போன்ல சார்ஜும் இல்ல. கொண்டக்டர் எங்க எண்டு கேட்டார், குருக்கள்மடம் பாதைக்கு எண்டன். இந்த நேரத்துலயா மகள் எண்டுபோட்டு தன்ட போன எடுத்து என்னட்ட தந்தார், வீட்ட கதை எண்டு. அப்பா ஃபோன எடுத்து, பயப்பிடாத, பாதை நிக்குது, நான் அக்கரையில நிக்கன் எண்டார். அந்த அண்ணன் பாதையக் கட்டாம ரோச் லைட்ட மடியில வச்சிக்கிட்டு எனக்காக இருந்திருக்கார். ஒரு சொல்லும் ஏசல்ல. நனைஞ்சிட்டியா புள்ள, நடுவுக்கு நில்லு எண்டு மட்டும்தான் சொன்னார்.

அதனாலதான் சொல்றன், நீங்க எங்க ஏறி எங்க இறங்கிற ஆள் எண்டு அந்த லைன்ல நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். வாயத் திறந்து கதையுங்க. கொண்டக்டர், முச்சந்தித் தேத்தண்ணிக் கடை, பாதை அண்ணன், எல்லார்ட நம்பரையும் ஒரு கொப்பியிலயும் எழுதி வைங்க, போன் செத்தா கொப்பிதான். சீசன் டிக்கெட் எடுக்கிறதுக்கு கெம்பஸ்ல கடிதம் வாங்கணும், அது இ.போ.ச (அரசாங்க) பஸ்ஸுக்குத்தான், பிரைவேட்டுக்கு சில்லறைக் காசு வேற வச்சிருங்க. டைம்டேபிள் கைக்கு வந்த அண்டைக்கே எந்த நாள் பிந்தி முடியுது எண்டு பாருங்க, அந்த நாளுக்கு மட்டுமாவது வேற ஒழுங்கு வேணும்.

---

மருதமுனையில இருந்து ஒரு காக்கா (அண்ணன்) கீழ எழுதினது:

தங்கச்சி எழுதினது சரி. நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பிரயோக விஞ்ஞானம், அந்தப் பீடம் சம்மாந்துறையில, அதால மெயின் கெம்பஸ் இருக்கிற ஒலுவில்ல இல்லாம அங்க படிச்ச. கல்முனை, சாய்ந்தமருது தாண்டி காரைதீவுச் சந்தியில இறங்கி மாவடிப்பள்ளி ரோட்டால போகணும். வெயில் காலத்துல ரெண்டு பக்கமும் வயல், நல்ல காத்து, ஒரு பிரச்சினையும் இல்ல. மாரியில அந்த ரோடு தண்ணிக்குள்ள போயிரும். 2024 நவம்பர்ல அதே இடத்துலதான் மதரசாவுல இருந்து உழவு மெசினில வந்த புள்ளைகள வெள்ளம் அள்ளிக்கிட்டுப் போனது, நம்மட பகுதியில அத நினைச்சா இண்டைக்கும் நெஞ்சு பதறும். புதுசா வாற புள்ளைகளுக்கு நான் சொல்ற ஒண்டே ஒண்டு, ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடினா பஸ்ஸோ மெசினோ யார் வா வா எண்டு கூப்பிட்டாலும் ஏறாதீங்க, திரும்பி வீட்ட போங்க. அட்டென்டன்ஸ் 80 வீதம் வேணும் எண்டு பயந்து ஏறுற புள்ளைகள நான் கண்டிருக்கன். லெக்சரருக்கு ஒரு கடிதம் குடுத்தா விளங்கிக்கொள்ளுவாங்க. உங்கட உம்மா வாப்பாக்கு நீங்க வேணும்.

---

களுதாவளையில இருந்து ஒரு அக்கா:

பொம்புளப் புள்ளைகளுக்கு ஒண்டு சேத்துச் சொல்லட்டா. நெரிசல்ல ஒருத்தன் வேணுமெண்டே உரசிக்கிட்டு நிண்டா பேசாம இராதீங்க. எனக்கு முதல் வருசம் நடந்திச்சு, நான் கல்லாகிப் போய் நிண்டன், முன்சீற்றில இருந்த காத்தான்குடி ராத்தா (அக்கா) ஒருத்தங்க கண்டுட்டு, "தம்பி, அங்கால தள்ளி நில்லுங்க" எண்டு பஸ் முழுக்க கேக்கிற மாதிரிச் சொல்லி என்ன இழுத்து தனக்குப் பக்கத்துல இருத்தினாங்க. அவன் அடுத்த ஹோல்ட்ல இறங்கிட்டான். அந்த ராத்தாட பேரும் தெரியா. இப்ப நான் சின்னப் புள்ளைகள் நிக்கிறதக் கண்டா பக்கத்துல கூப்பிட்டு வச்சிக்கொள்ளுவன். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பஸ் முறைப்பாட்டுக்கு 1955, போன்ல சேவ் பண்ணி வைங்க.

---

முதல் எழுதின ஆள்:

அக்காக்கும் காக்காக்கும் நன்றி, ரெண்டும் நான் எழுதியிருக்க வேண்டிய விசயம்.

போர்டிங் எடுக்கிறதா, போய்வாறதா எண்டு இன்பொக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வீட்டு நிலவரம் எனக்குத் தெரியா, அதால என்ட பெச் புள்ளைகள் செஞ்சதச் சொல்றன். கார்த்திகையில இருந்து தை வரைக்கும், மறுகா எக்ஸாம் காலத்துலயும் மட்டும் நாலஞ்சு பேர் சேந்து செங்கலடிப் பக்கம் ரூம் எடுத்தாங்க, மற்ற மாசமெல்லாம் வீட்ட இருந்து பஸ். மகாபொல புலமைப்பரிசில் வாற புள்ளைகளுக்கு அது சமாளிக்கக்கூடிய செலவு. மகாபொல கை சேரக் கொஞ்ச மாசம் எடுக்கும், அதையும் யோசிச்சு முடிவெடுங்க.

அம்பிளாந்துறை, முனைக்காடு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் புள்ளைகள் யாரும் புதுசா வாறீங்க எண்டா கீழ எழுதுங்க. உங்கட முதல் நாள் நான் முதல் பாதையிலயே வாறன், டவுண்ல பஸ் மாறுற இடத்தையும் காட்டித் தாறன், பின்னேரம் திரும்பி வரக்குள்ளயும் சேந்தே வரலாம்.