திருவிழாக் கூட்டத்தில் செக்யூரிட்டி ஷிப்ட்: போகலாமா?

கோட்டையூர்ப் பையன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வயது 23. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்த நாள்களில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போவேன். ஆடி பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. காரைக்குடியில் ஓர் ஏஜென்சி ஆவணியில் பிள்ளையார்பட்டி சதுர்த்தி விழாவுக்கும், தையில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் ஆள் எடுப்பதாக நண்பன் சொன்னான். 12 மணி நேர ஷிப்ட், 700 ரூபாய், ஒரு வேளைச் சாப்பாடு. சீருடைக்கு 1,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள்.

என் உடம்பைப் பார்த்தால் ஆட்டுக்குட்டிகூட வழிவிடாது. இந்த வேலை எனக்குச் சரிப்படுமா? மஞ்சுவிரட்டு என்றதும் அம்மா சோறு போடமாட்டேன் என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

புதுவயல் கணக்கர் எழுதுகிறார்:

தம்பி, ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலைக்குப் போகிறேன். மற்ற நாள்களில் அரிசி ஆலையில் லோடு கணக்கு எழுதுகிறவன்.

உடம்பைப் பற்றிய கவலையை விடுங்கள். கூட்டத்தைத் தோள்பலத்தால் நிறுத்திய ஆளை இதுவரை நான் கண்டதில்லை. முதல் ஆண்டு என் பக்கத்தில் நின்றவர் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். தேர் அசைந்ததும் அவரையும் அவர் பிடித்திருந்த சவுக்குக் கட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது கூட்டம். கட்டை திரும்பி வந்தது. அவர் மறு ஆண்டு வரவில்லை. கண்ணும் தொண்டையும் நன்றாக இருந்தால் போதும்.

பிள்ளையார்பட்டியில் பத்து நாள் விழாவில் ஒன்பதாம் நாள்தான் சோதனை. தேரும் அன்றுதான், மூலவருக்குச் சந்தனக் காப்பும் அன்றுதான். சந்தனக் காப்பு ஆண்டுக்கு ஒரு முறை என்பதால் தேர் பார்க்க வந்தவர் யாரும் அதைப் பார்க்காமல் வீடு திரும்பமாட்டார். ஆக, கோயிலுக்குள் போகிற கூட்டமும் தரிசனம் முடித்து வெளியே வருகிற கூட்டமும் ஓர் இடத்தில் முட்டிக்கொள்ளும். புதுப் பையனை அங்கேதான் நிறுத்துவார்கள், பழைய ஆள் நிற்கமாட்டான் என்பதால்.

அங்கே நின்றால் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் யாரும் தன் விருப்பப்படி நடக்க முடியாது, கூட்டம்தான் அவரை நடத்தும். நெரிசலில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு அழுந்தி, மூச்சு விட இடமில்லாமல், நின்ற நிலையிலேயே உயிர் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நான் மீட்டரா அளக்கப் போகிறேன்? குழந்தைகளைப் பார்ப்பேன். தேர் பார்ப்பதற்காகத் தோளில் ஏற்றிய குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நெரிசலுக்குப் பயந்து ஏற்றிய குழந்தை அழும், ஏற்றியவர் முகம் தேர்ப்பக்கம் இருக்காது. அப்படி இரண்டு குழந்தைகளைப் பார்த்துவிட்டால் உடனே வாக்கி டாக்கியில் சொல்லிவிட வேண்டும். நிறுத்த வேண்டியது பின்னால் வருகிறவர்களை. முன்னால் நிற்பவரிடம் "தள்ளாதீங்க" என்று கத்துவது வீண். பாவம், அவரா தள்ளுகிறார்?

காலணி விஷயம். ஏஜென்சி தருகிற பூட்ஸ் தேர் வீதிக்கு உதவாது. வருகிறவர்களில் பலர் வெறுங்காலோடு வருவார்கள். முதல் ஆண்டு ஓர் ஆச்சியின் கால்விரலை மிதித்துவிட்டேன். அவர் கத்தவில்லை, "இருக்கட்டும் அப்பா" என்றார். பத்து நாளும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொன்று, உங்களைத் திடீரென்று கோயிலுக்குள் அனுப்பினால் வாசலில் கழற்ற வேண்டும். கயிறு கட்டிய பூட்ஸைக் கழற்றுவதற்குள் சூப்பர்வைசர் நான்கு முறை திட்டிவிடுவார். மெல்லிய ரப்பர் அடி வைத்த, சட்டென்று கழற்றக்கூடிய ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

சிராவயலுக்கு வருகிறேன். மாடு பிடிக்கிற பொட்டலுக்குள் நம்மை விடமாட்டார்கள். அது போலீஸ் பொறுப்பு. நமக்கு வண்டி நிறுத்தும் இடமும் ஆம்புலன்ஸ் வழியும்தான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் சொல்லிவிட வேண்டாம், ஏனென்றால் தொழுவிலிருந்து அவிழ்க்கிற மாடு எங்கிருந்து வரும் என்று தெரியும். சுற்றியிருக்கும் வயலிலும் கண்மாய்ப் பக்கத்திலும் அவிழ்த்துவிடுகிற கட்டுமாடு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வேனுக்கும் வேனுக்கும் நடுவில் நிற்காதீர்கள். அன்றைக்குச் சிவப்புத் துண்டு, விசில், வீரம் எதுவும் வேண்டாம். வழியை விட்டுவிடுங்கள், அது தன் போக்கில் போய்விடும்.

இனிக் காசு. சீருடைக்கு முன்பணம் கேட்கிற இடத்தில் நான் உட்காரக்கூட மாட்டேன். ஓர் ஏஜென்சி என்னிடம் அப்படித்தான் வாங்கியது. விழா முடிந்து சட்டையைத் துவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், "காலரில் கறை" என்று பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இஎஸ்ஐ என்று சொல்லி மூன்று நாள் கூலியிலும் கழித்தார்கள். என் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதம்தானே, இவ்வளவு எப்படி வந்தது, என் இஎஸ்ஐ எண் என்ன என்று கேட்டேன். அடுத்த விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று.

பள்ளத்தூர்க்காரி எழுதுகிறார்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. தண்ணீர் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். பெண்களைச் சோதிக்கப் பெண்தான் நிற்க வேண்டும் என்பதால் எங்களுக்கு மாற்று ஆள் எளிதில் கிடைக்காது. கழிப்பறைக்குப் போக முடியாதே என்று முதல் முறை தண்ணீர் குடிக்காமலே நின்றேன். பங்குனி வெயில், காரைக்குடி முத்துமாரியம்மன் பால்குடம். சிந்திய பால் தார் ரோட்டில் காய்ந்து, செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. பதினொரு மணிக்குக் கண் இருட்டிவிட்டது. பால்குடம் எடுத்து வந்த ஓர் அம்மாள்தான் என்னைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தார். யார் யாருக்குக் காவல்! இப்போது ஷிப்ட் ஏற்கும் முன் கழிப்பறை எங்கே, என்னை மாற்றிவிட யார் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா எழுதுகிறார்:

படிக்கிற பையனை எல்லாரும் சேர்ந்து வாட்ச்மேன் ஆக்கிவிடாதீர்கள். 700 ரூபாய்க்கு 12 மணி நேரம் நிற்பதற்குப் பந்தியில் இலை போடலாம், வயிறாவது நிறையும்.

கோட்டையூர்ப் பையன் எழுதுகிறார்:

ரஸ்தா ஐயா, ஆடியில் யார் இலை போடச் சொல்கிறார்கள்? கணக்கர் அண்ணனுக்கு நன்றி. நல்ல ஏஜென்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சி ஏதாவது தருவார்களா?

புதுவயல் கணக்கர் எழுதுகிறார்:

உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கென்று 2005 இல் சட்டமே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகளில் காவலருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்று இருக்கிறது. எனக்குக் கிடைத்த பயிற்சி, ஒரு டம்ளர் டீயும் "யாரையும் அடிக்காதே" என்ற ஒரு வரியும். அந்த வரி மட்டும் முழு உண்மை. போலீசுக்கு உள்ள அதிகாரம் நமக்குக் கிடையாது. போலீஸ் உடை போலத் தோன்றும் சீருடை கொடுத்தாலும் போடாதீர்கள், அதற்கும் தண்டனை உண்டு.

படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்களா, கூலியை வங்கிக் கணக்கில் போடுகிறார்களா, இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஆவணியில் வாருங்கள். பையில் மாற்றுச் சட்டை ஒன்று, உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில், இரண்டு பேனா. பேனா எதற்கு என்றால், பிள்ளையைத் தொலைத்துவிட்டு வருகிற தகப்பனுக்குப் பாதி நேரம் தன் போன் எண்ணே நினைவுக்கு வராது. உள்ளே விடும்போதே குழந்தையின் கையில் எண்ணை எழுதிவிடுங்கள். வியர்வையில் ஒரு பேனா எழுதாது.