ஒரு பாட்டு எத்தனை மீட்டர்?

போன வாரம் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஆடியோ கேசட் கையில் சிக்கியது. உறை இல்லை. மேலே எழுதியிருந்த மை மங்கிப்போயிருந்தது. ஏழு வயது மகள் உடனே அதை வாங்கிக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பினாள், பல் வைத்த அந்த இரண்டு துளைகளிலும் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள பாட்டு எங்கேம்மா இருக்கு?"

பழுப்பு நாடாவைக் காட்டி, "இதோ, இதுலதான்" என்றேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே எழுதலையே" என்றாள்.

நியாயமான கேள்விதான். சின்ன வயதில் எத்தனையோ கேசட்டுகளைக் கேட்டிருக்கிறேன், இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசியிருக்கும், பதிவு செய்யும்போது ஒலிக்குத் தகுந்தபடி அவை காந்தமாகும் என்று சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தை எடுத்து வந்து கேசட்டின் பக்கத்தில் கொண்டுபோனாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "அது பட்டா பாட்டு அழிஞ்சிடும்டா!" அந்த ஒரு வரியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மை இல்லாமலும் எழுதலாம், ரப்பர் இல்லாமலும் அழிக்கலாம்.

நாடா தொளதொளவென்று இருந்ததால் ஆறு பட்டைப் பென்சில் ஒன்றைத் துளையில் செருகிச் சுற்றி இறுக்கிக் காட்டினேன். எவ்வளவு சுற்றினாலும் முடியவில்லையே என்றாள். சரி, கணக்குப் போடலாம் என்று உட்கார்ந்தோம். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இந்தக் கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் 1,800 நொடி. பெருக்கினால் கிட்டத்தட்ட 86 மீட்டர்.

"அப்போ ஒரு பாட்டு எத்தனை மீட்டர்?"

ஐந்து நிமிடப் பாட்டு 14 மீட்டர் சொச்சம். தையல் நாடாவை எடுத்து வந்து தரையில் அளந்தோம். கூடம் முடிந்து, நடை முடிந்து, மாடிப்படியில் நாலு படி ஏறித்தான் பாட்டு முடிந்தது. அந்தப் படியில் நின்றுகொண்டு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. என் கைப்பேசியில் இருக்கும் பாட்டுக்கு இப்படிக் காலால் நடந்து பார்க்க ஒரு நீளம் கிடையாது.

கேசட்டைப் போட்டுக் காட்ட முடியவில்லை. பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்துக் கிடக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளும் இப்படி ஏதாவது கேட்டு உங்களை அசரவைத்திருந்தால் எழுதுங்கள்.

*

என் மகனுக்கு ஒன்பது வயது. உறவினர் வீட்டில் சுழற்றும் தொலைபேசி ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவன் போய் ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டு அழுத்தினான். "அழுத்துறேன்ப்பா, ஒண்ணும் ஆகல."

விரலை விட்டுக் கடைசி வரை சுழற்று, பிறகு விட்டுவிடு என்றேன். வட்டு கிர்ரென்று திரும்பி வந்தது. வேலை நடப்பது அந்தத் திரும்பும் நேரத்தில்தான். ஒன்றைச் சுழற்றினால் இணைப்பு ஒரு முறை விட்டுவிட்டு வரும், ஐந்துக்கு ஐந்து முறை, பூஜ்யத்துக்குப் பத்து முறை. நொடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு. மறுமுனையில் இருக்கும் இயந்திரம் அதை எண்ணித்தான் எண்ணைத் தெரிந்துகொள்ளும். சொன்னதும் அவன் காதை வட்டின்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக எண்ணிப் பார்த்தான். அப்புறம், "நிறைய பூஜ்யம் இருக்கிற நம்பர்காரங்களுக்குப் போன் பண்ண ரொம்ப நேரம் ஆகுமே!" என்றான். ஆமாம், ஆகும்.

"சரி, நம்ம நம்பரைச் சுழற்று பார்ப்போம்" என்றேன். கையை எடுத்துவிட்டான். அவனுக்கு என் எண் தெரியாது. அவன் அம்மாவின் எண்ணும் தெரியாது. எங்கள் படத்தைத் தொட்டால் நாங்கள் பேசுவோம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இருந்த தொலைபேசியின் எண் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். இவன் கூட்டத்தில் தொலைந்து போனால் யாரிடம் எந்த எண்ணைச் சொல்லுவான்? அன்று இரவே பாட்டு மாதிரி ராகம் போட்டு இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். தயவுசெய்து எல்லாரும் இன்றே இதைச் செய்யுங்கள்.

*

என் மகள் நாலு வயதுக்காரி. காரில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் "மறுபடி போடு" என்றாள். முடியாது என்றதும் நான் வேண்டுமென்றே மறுக்கிறேன் என்று நினைத்து அழுதாள். இந்தப் பாட்டு நம்ம வண்டிக்குள் இல்லை, ஓரிடத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் வருகிறது என்றேன். அழுகை நின்றது. "அப்போ இப்ப வேற பாப்பாவும் கேக்குதா?" ஆமாம் என்றேன். ரேடியோவைப் பார்த்துக் கையசைத்தாள்.

*

எல்லாரும் பழையதையே புகழ்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வைத்திருந்த கைப்பேசியில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். 's' என்ற ஓர் எழுத்துக்காக 7-ஆம் பொத்தானை நாலு முறை அழுத்த வேண்டும். ஒரு செய்தியில் 160 எழுத்துதான். தமிழ் எழுத்து வந்த பிறகு அதுவும் 70 ஆகச் சுருங்கிவிட்டது.

என் மகளுக்கு ஆறு வயது. கைப்பேசியைப் பார்த்துப் பேசுகிறாள், திரையில் தமிழ் விழுகிறது. ஒருநாள் "மழை வருது" என்றாள், "மலை வருது" என்று விழுந்தது. கோபம் வந்து, நாக்கை மடித்து மடித்து ஆறேழு முறை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் 'மழை' விழுந்தது. நான் மாதக்கணக்கில் திருத்தியும் வராத ழகரம் அன்றைக்கு வந்துவிட்டது. எனக்கு இப்படி ஒரு கருவி சிறுவயதில் கிடைத்திருந்தால் என்று மனதார ஏங்கினேன்.

*

கேசட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா வெகுதூரத்தில் வேலை பார்த்தார். தொலைபேசியில் நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும் என்பதால் பேசியும் பேசாமலும் வைத்துவிடுவோம். அதனால் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்புவார். தெரிந்தவர் யாராவது ஊர் திரும்பும்போது கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் முழுக்க எங்களிடம் பேசுவார், மறுபக்கத்தைக் காலியாக விட்டிருப்பார். அது நாங்கள் பேச. நாங்கள் பேசி அனுப்பி, அவர் கேட்டு, பதில் பேசி அனுப்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பல் விழுந்ததைச் சொன்னேன், பதில் வரும்போது புதுப் பல் முளைத்திருந்தது.

இன்று என் கணவரும் தூரத்தில்தான் இருக்கிறார். மகன் தினமும் வீடியோவில் அப்பாவோடு வீட்டுப்பாடம் எழுதுகிறான். நான் பட்ட ஏக்கம் அவனுக்கு இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு குறைதான். அப்பாவின் குரல் என்னிடம் எட்டுக் கேசட்டுகளில் இருக்கிறது. தினமும் பேசும் இவர்களின் பேச்சு ஒன்றுகூடச் சேமித்து வைக்கப்படவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடத்தை மட்டும் பதிந்து, தேதி போட்டு வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

*

முதலில் எழுதியவள்தான். பிளேயர் வந்துவிட்டது. நேற்று இரவு போட்டோம்.

மூன்று பாட்டு ஓடியது. நாலாவது பாட்டு பாதியில் அறுந்து, தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் என் அம்மாவின் குரல். "பேரைச் சொல்லு கண்ணு, இதுல பேசு." நான் பேர் சொல்லுகிறேன், பேசமாட்டேன் என்கிறேன், பிறகு ஏதோ பாடுகிறேன். அம்மா இடையிடையே சிரிக்கிறார். அம்மா போனபோது மகள் பிறந்திருக்கவில்லை. பாட்டியின் குரலை அவள் கேட்பது இதுதான் முதல் முறை.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளில் ஒன்று உடைக்கப்பட்டிருந்தது. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது, மேலே எதையும் பதிய முடியாது. நான் உடைத்ததாக நினைவில்லை. அந்த வீட்டில் அதை உடைக்கத் தெரிந்திருந்தது அம்மாவுக்கு மட்டும்தான்.

மகள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். முடிந்ததும் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பாட்டி எத்தனை மீட்டர்ம்மா?"

நாலு நிமிடம் பத்து நொடி. கிட்டத்தட்ட 12 மீட்டர். வாசலில் தொடங்கி அளந்தோம்.