மறு: ‘பேஜ் ஃபைல்’ – ‘பரண் கோப்பு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ராமில் (கணினியின் நினைவகத்தில்) இடம் நெருக்கடியானால், இப்போது தேவைப்படாததை விண்டோஸ் வட்டில் ஒரு கோப்பில் எடுத்து வைக்கும். அதன் பெயர் ‘பேஜ் ஃபைல்’. அதற்குத்தான் போன வாரம் ‘பரண் கோப்பு’ என்று ஒரு சொல்லை இங்கே வைத்தேன். வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் இழை சிதறிவிடும் என்பதால் ஒரே மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதல் மடலில் நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

என் அண்ணன் மகள் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். விமானி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளத்தூர் வீட்டில் ஒரு கணினி: 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு), கூடவே பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் (சுழலும் வட்டு). அதில் விமானம் ஓட்டிப் பழகும் ஃப்ளைட் சிமுலேட்டரைப் போட்டு, செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை மதுரையில் கிளப்புவாள். காரைக்குடிப் பக்கம் வந்து, செட்டிநாட்டில் இருக்கிற இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தின் மேலே ஒரு சுற்று. அப்புறம் வடக்கே திருப்பித் திருச்சியில் இறக்குவாள். காரைக்குடி வரை வழவழவென்று போகும். திருச்சியை நெருங்கி, கட்டடங்கள் கூடக்கூட, படம் நின்று நின்று வரும். ஓடுதளத்துக்கு நேராக வண்டியைக் கொண்டுவரும் அந்த நேரத்தில் அரை வினாடி நின்றாலும் கை தப்பிவிடும். அழுகிற அளவுக்குப் போய்விட்டாள்.

ஒரு வீடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு, “பேஜ் ஃபைல் தான் மெதுவாக்குது” என்று அதை அணைத்துவிட்டாள். அன்றைக்கு விமானம் திருச்சியைப் பார்க்கவே இல்லை. நடுவானிலேயே சிமுலேட்டர் மூடிக்கொண்டது. பிழைச் செய்திகூட வரவில்லை.

“பேஜ் ஃபைல்னா என்ன சித்தப்பா?” என்று அப்போதுதான் கேட்டாள். கையிலிருந்த கலைச்சொல் பட்டியலைப் பார்த்து ‘பக்கக் கோப்பு’ என்றேன். “எதுக்குப் பக்கத்துல?” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் பக்கம் என்றால் தாள் மட்டுமா? அருகு என்றும் பொருள் உண்டே. பக்கத்து வீடு, பக்கத்து இலை மாதிரி அவள் காதில் அது ‘அருகில் இருக்கும் கோப்பு’ என்று விழுந்திருக்கிறது. உண்மையில் அந்தக் கோப்பு நினைவகத்துக்குத் தூரத்தில் இருப்பதுதான் சிக்கலே. சொல் அவளை நேர் எதிர்த் திசைக்கு அனுப்பிவிட்டது.

அது தீபாவளிக்கு முந்தைய வாரம். அடுப்படியில் எண்ணெய் காய்ந்துவிட்டது, மாவும் பிசைந்தாயிற்று. தேன்குழல் உரலைக் காணோம். “பரண்ல கெடக்குடா, ஏணியப் போட்டு எடு” என்றார் அம்மா. நான் ஏணியைத் தேடி, ஏறி, அண்டாவை நகர்த்தி, உரலை எடுத்து, தூசு துடைத்துக் கொடுக்கும் வரை எண்ணெய் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படி மொத்தமும் அந்த ஒரு உரலுக்காக நின்றது. இறங்கியதும் பிள்ளையிடம் சொன்னேன்: “உன் விமானம் திருச்சிக்கிட்ட நிக்கிறது இதனாலதான்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பரணே வேண்டாம்னு இடிச்சுட்டா, உரலை எங்க வைக்கிறது?” என்றாள். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவளைக் கொண்டுவந்திருக்க முடியாது. அந்த ஒரு சொல் கொண்டுவந்தது. என் வாதம் முழுவதும் இதுதான்: வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கேட்பவர் மனதில் ஓட்டிக்காட்டுகிற சொல்லே கலைச்சொல்லாக நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> ‘மெய்நிகர் நினைவகம்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

அது வேறு, இது வேறு. மெய்நிகர் நினைவகம் என்பது ஏற்பாடு முழுவதற்குமான பெயர். 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் இந்த ஏற்பாடு வந்தது. உள்ளே காந்த வளைய நினைவகம் 16 ஆயிரம் சொற்கள், வெளியே சுழல் உருளையில் 96 ஆயிரம் சொற்கள். நிரல் எழுதுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே நினைவகமாகத் தெரியும். அந்த ஏற்பாட்டுக்கு ‘மெய்நிகர்’ இருக்கட்டும், நான் அதைத் தொடவில்லை. அட்லஸில் உருளை செய்த வேலையை இன்று விண்டோஸில் ‘பேஜ்ஃபைல்.சிஸ்’ என்ற ஒரு கோப்பு செய்கிறது. அந்தக் கோப்புக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

> பரண் என்றால் தினைப்புனத்தில் காவலுக்குக் கட்டுவது அல்லவா?

ஆமாம், அதுவும் பரண்தான். இரண்டிலும் உயரத்தில் கட்டிய தட்டு என்பது பொது. கணினி பேசும் இடத்தில் யாரும் கிளி விரட்டுவதை நினைக்க மாட்டார்கள். ‘கோப்பு’ என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கிறது.

கோவையிலிருந்து எழுதிய அம்மா, இன்றைய பிள்ளைகளுக்குப் பரண் தெரியாது, லாஃப்ட்தான் தெரியும் என்றார்கள். பெயர் மாறினாலும் பொருள் வீட்டில் இருக்கிறது, ஏணி போட்டால்தான் எட்டும் என்பதும் மாறவில்லை. ஒரு தடவை கைகாட்டினால் போதும்.

தேவகோட்டை அண்ணனின் மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. “நம்ம ஊர் வீட்டைச் சொல்லிவிட்டுப் பரணைப் பிடிக்கிறீர்களே, சாமான் எல்லாம் அறையில்தானே இருக்கும்? ‘உள்ளறைக் கோப்பு’ என்று வையுங்கள்” என்கிறார். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று போகும் பெரிய வீட்டில் அது சரி. ஆனால் அண்ணே, வளவைச் சுற்றி இருக்கும் அறை ஒவ்வொன்றும் ஒரு மகனுக்கு என்று பிரித்துக் கொடுத்தது. ஒருவர் அறையில் இன்னொருவர் சாமான் இருக்காது. அது வட்டைப் பிரிக்கிறோமே, அந்தப் ‘பார்ட்டிஷன்’ வேலைக்குத்தான் பொருந்துகிறது. அதற்கு ஒரு தனி இழை போட்டுப் பேசலாம், நல்ல சொல் கிடைக்கும் என்று நம்புகிறேன். இங்கே வேண்டியது, புழங்கும் இடத்தில் நெருக்கடி வந்தால் கை படாத சாமானை மேலே ஏற்றி, தேவைப்பட்டால் இறக்கும் இடம். அதற்குப் பரணை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

வினைச்சொற்களும் தானாக வருகின்றன. நினைவகத்திலிருந்து கோப்புக்குப் போவது பரணேற்றம், திரும்பி வருவது பரணிறக்கம். “விண்டோஸ் 4 கேபி துண்டுகளாகப் பரணேற்றுகிறது” என்று எழுதிப் பார்த்தேன், நெருடவில்லை. ‘ஒதுக்குக் கோப்பு’ என்று ஒருவர் சொன்னதை இங்கேதான் விட வேண்டியிருக்கிறது. நினைவக ஒதுக்கீடு என்ற சொல்லை ஒரு நிரலுக்கு இடம் கொடுப்பதற்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். கொடுப்பதும் ஒதுக்கீடு, எடுத்து அப்புறப்படுத்துவதும் ஒதுக்கு என்றால் படிப்பவர் தலை சுற்றும்.

சரி, பரண் மெதுவாக இருந்தால் படம் ஏன் நிற்கிறது என்பதை எண்களில் பார்த்துவிடுவோம். வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிவினாடி. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல், தலை நகர்வதையும் சேர்த்தால் 10 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். இப்படி மூன்று நான்கு உரல்களை எடுத்தால் ஒரு படத்தின் நேரம் முழுவதும் போய்விட்டது. என்விஎம்இ எஸ்எஸ்டியில் அதே வேலை ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது. எங்கள் வீட்டில் பேஜ் ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பழைய பயத்தில் நான்தான் அங்கே மாற்றி வைத்திருந்தேன். இன்று 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். வீட்டுப் பயன்பாட்டில் அதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

அணைத்ததும் ஏன் மூடிக்கொண்டது? சிமுலேட்டர் மாதிரி நிரல்கள் இப்போது தொடாவிட்டாலும் இவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடும். விண்டோஸும் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும். கொடுத்த வாக்குகளின் மொத்தம் ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. அவள் கணினியில், எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தபோது வாக்கு மட்டும் 22 ஜிபி. பரணை இடித்துவிட்டு 16 ஜிபியில் 22 ஜிபிக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? ராம் காலியாகத் தெரிந்தாலும் நிரல் விழும்.

படம் நின்று நின்று வருவதற்குத் ‘திக்கல்’ என்று எழுதியிருந்தேன். திக்கிப் பேசுபவர்களை அது நோகடிக்கும் என்று சிங்கப்பூர் நண்பர் சொன்னது நியாயம். ‘விக்கல்’ என்று மாற்றிவிட்டேன்.

அடுத்தது ‘ரோலிங் கேஷ்’. இணையத்திலிருந்து வந்ததைத் திரும்பப் பயன்படுத்தச் சிமுலேட்டர் வட்டில் சேர்த்து வைக்கும் இடம் அது. இதையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. கேஷுக்கு நம் பட்டியல்களில் ‘இடைமாற்று’ என்று இருக்கிறது. நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே மாற்றி வைக்கும் ஸ்வாப்புக்கு ‘இடமாற்று’. ஓர் ஐகாரம்தான் வித்தியாசம்! பிள்ளை இரண்டையும் ஒன்று என்றே படித்திருக்கிறாள். இன்னொரு சொல்லான ‘பதுக்கு நினைவக’த்தைக் கேட்டால் எனக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 நிலப்படங்களை இணையத்திலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து, வந்ததை வட்டில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் வைத்துக்கொள்கிறது. மறுபடி அதே வழியில் பறந்தால் அங்கிருந்தே எடுக்கும். இடம் நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும்.

இதற்கு ‘ஊருணி’ என்றேன். பெரிய ஆறு இல்லாத எங்கள் பக்கத்தில், எங்கோ பெய்த மழை வரத்துக்காலில் ஓடிவந்து ஊருணியில் நிற்கும். குடிக்கும் தண்ணீர் என்பதால் அதில் கால்கூட நனைக்க விடமாட்டார்கள். இணைய இணைப்பு வரத்துக்கால், வட்டில் சேர்ந்தது ஊருணி. பரணுக்கும் ஊருணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பயனர் கட்டாயம் அறிய வேண்டும். பரணில் இருப்பது நம் வீட்டுச் சாமான், தூக்கிப் போட்டால் போனது போனதுதான். ஊருணியில் இருப்பது வெளியிலிருந்து வந்த தண்ணீர். வற்றினாலும் அடுத்த மழைக்கு நிரம்பும். அதனால்தான் சிமுலேட்டரைப் புதுப்பித்த பிறகு கோளாறு வந்தால் ரோலிங் கேஷை அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்கலாம், ஒன்றும் கெடாது. பேஜ் ஃபைலில் அந்த வேலை ஆகாது.

கோவை அம்மா இதில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள்: ஊருணியில் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் கலந்துவிடும், பழையது மட்டும் தனியே வெளியேறாதே என்று. உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேஷுக்கு ‘ஊருணி’ என்பதை முடிந்த முடிவாக நான் வைக்கவில்லை, இதைவிடப் பொருத்தமானது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன். பரணை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கடைசியாக ஒரு சொல் பாக்கி. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கண்காணிப்புத் திரையில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்று ஒரு எண் ஓடும். பட்டியல்கள் வழியில் ‘பக்கப் பிழை’ என்று சொன்னேன். ராம் பழுது என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். அது பிழையே இல்லை. வேண்டிய பக்கம் (மேலே சொன்ன 4 கேபி துண்டு) நினைவகத்தில் இல்லாததால் வட்டிலிருந்து எடுத்து வந்தேன் என்கிற கணக்கு, அவ்வளவுதான். முதலில் ‘பரணெடுப்பு’ என்று வைக்க நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்கில் பேஜ் ஃபைலிலிருந்து வருவது மட்டுமா சேர்கிறது? நிரலின் சொந்தக் கோப்புகளிலிருந்து நேராகப் படிப்பதும் சேர்கிறதே. அப்படியானால் பரணெடுப்பு தவறாகிவிடும். ‘வட்டெடுப்பு’ என்றால் இரண்டும் அடங்கும் என்று தோன்றுகிறது.

வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்டவர்களுக்கு: பரண் கோப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றி, அளவை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டோம். ரோலிங் கேஷும் அங்கேதான். இரண்டு 8 ஜிபி ராம் குச்சிகளும் ஒரே சேனலில், அதாவது தரவு போகும் ஒரே பாதையில், அடுத்தடுத்துச் செருகியிருந்தன. மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து இரண்டாவது, நான்காவது இடங்களுக்கு மாற்றியதும் இரட்டைச் சேனல் வந்துவிட்டது. 3200 வேகம் என்று எழுதிய ராம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினோம். பறக்கும்போது பிரவுசரை மூடச் சொன்னேன். திருச்சியில் இப்போது விக்கல் அநேகமாக இல்லை. கட்டடங்களின் அடர்த்தியைக் கூட்டினால் மட்டும் எப்போதாவது வருகிறது. அது கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம் போதாமல் வருவது, வேறு கதை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கான சிறு கையேடாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பரண் கோப்பு, பரணேற்றம், பரணிறக்கம், விக்கல் நான்கையும் அதில் போட்டுவிட்டேன். ‘வட்டெடுப்பு’ சரிதானா என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பள்ளத்தூரிலிருந்து