அப்பாக்கள் வாயில சாரி ஏன் வரவே மாட்டேங்குது? ஜப்பான்காரங்களுக்கு எப்படி பொசுக்குனு வருது?

சோழிங்கநல்லூர்வாசி:
நான் சென்னைல ஐடி, கிளையன்ட் ஜப்பான். போன வாரம் எங்க தப்பால ஒரு பைல் ரெண்டு மணி நேரம் லேட்டா போச்சு. கால் ஆரம்பிச்சதுமே அந்தப் பக்கத்துக்காரர் "நாங்க முன்னாடியே ஞாபகப்படுத்திருக்கணும், மன்னிச்சிருங்க"ங்கறாரு. தப்பு எங்களோடதுங்க! சரினு நானும் சாரி போட்டு மெயில் அடிச்சா எங்க டீம் லீட் அந்த வார்த்தைய தூக்க சொல்லிட்டாரு, எழுத்துல குடுத்தா நாளைக்கு நம்ம தலைலதான் விடியும்னு. அப்பதான் எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. ஏழாவது படிக்கறப்ப கேஸ் சிலிண்டர் புக்க நான்தான் தொலைச்சேன்னு அடிச்சாரு, கடைசில அது அவர் ஆபீஸ் பைக்குள்ளயே இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல. மறுநாள் காலைல பாத்தா என் சைக்கிளுக்கு காத்து அடிச்சு செயினுக்கு எண்ண விட்டு வச்சிருக்காரு. இது சாரில சேத்தியா இல்லையா?

நகோயா_நாடோடி:
ஆறு வருஷமா ஜப்பான்ல இருக்கேன், ரொம்ப உருகாதீங்க பாஸ். இங்க சாரிக்கு சொல்ற சுமிமாசென்ங்கற வார்த்தைய சொல்லித்தான் ஹோட்டல்ல சர்வரயே கூப்பிடுவாங்க, கதவ பிடிச்சுக்கிட்டா நன்றிக்கு பதிலாவும் அதேதான். என்னால உங்களுக்கு சிரமம்ங்கற மாதிரி, தப்பு யாரோடதுங்கற பேச்சே அதுல வராது. 2017 நவம்பர்ல சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒண்ணு 20 செகண்ட் முன்னாடி கிளம்பிருச்சு, லேட் இல்ல, முன்னாடி, அதுக்கு கம்பெனி மன்னிப்பு அறிக்கை விட்டுச்சு. அதெல்லாம் சரி, எங்க மேனேஜரும் தினம் தலை குனிஞ்சு மன்னிப்பு கேப்பாரு, மறுநாளும் ராத்திரி ஒன்பது வரைக்கும் உக்கார வைப்பாரு.

ஸ்காபரோ_பெடியன்:
இஞ்ச கனடாவில பஸ்ஸில ஒருத்தன் என்ர காலை மிதிச்சாலும் ரெண்டு பேரும் சொறி சொல்லுவம். (சிரிக்காதேங்கோ, நாங்கள் அப்பிடித்தான் எழுதுறது.) ஆனா உங்கட லீட் பயப்பிடுறதிலயும் நியாயம் இருக்கு. இஞ்ச ஒன்டாரியோ மாகாணத்தில 2009இல இதுக்கெண்டே சட்டம் கொண்டு வந்தவை, மன்னிப்புக் கேட்டதை சிவில் வழக்கில பிழையை ஒப்புக்கொண்டதா எடுக்கேலாது எண்டு. இல்லாட்டி டொக்டர்மார் வாய் திறக்கவே பயம். அரசாங்கத்துக்கும் அந்தச் சொல் லேசில வராது பாருங்கோ, 1914இல கோமகாட்டா மாரு கப்பல்ல வந்த இந்திய ஆக்களை வன்கூவரில இறங்க விடாமல் திருப்பி அனுப்பினதுக்கு பிரதமர் பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டது 2016இல.

வாடிப்பட்டி அக்கா:
நம்மாளுக கேக்க மாட்டாகன்னு யாரு சொன்னா? புத்தகத்துல கால் பட்டா தொட்டு கண்ணுல ஒத்திக்கிறோம், பக்கத்துல உக்காந்திருக்க ஆளு மேல பட்டாலும் அப்படித்தான், பிள்ளையார்ட்ட தோப்புக்கரணம் போடுறோம், கன்னத்துல போட்டுக்கிறோம். ஒடம்பால கேப்போம், வாயால கேக்க மாட்டோம். ஏன்னா நம்ம ஊர்ல மன்னிப்புன்னா கீழ இருக்கவன் மேல இருக்கவன்ட்ட கேக்குறது, பஞ்சாயத்துல கால்ல விழ வைக்கிறதே ஒரு தண்டனை. பழைய கதைன்னு நெனைக்காதீக, 2021ல விழுப்புரம் மாவட்டத்துல ஊரடங்க மீறுனாங்கன்னு வயசான தலித் பெரியவங்கள கால்ல விழ வச்ச படம் எல்லார் போன்லயும் சுத்துச்சு. இதெல்லாம் பாத்து வளந்த மனுசன் ஏழாவது படிக்கிற மகன்ட்ட எப்படி கேப்பாரு சொல்லுங்க? ஆனா தம்பி, சைக்கிளுக்கு எண்ண விட்டா போதும்ங்கற சலுகை ஆம்பளைகளுக்கு மட்டுந்தான். எங்க வீட்ல கொழம்புல உப்பு கூடுனாக்கூட எங்கம்மா வாய் விட்டுத்தான் கேக்கணும்.

சோழிங்கநல்லூர்வாசி:
அக்கா, நீங்க எழுதுனத படிச்சிட்டு அம்மாவுக்கு போன் போட்டு அந்த கேஸ் புக் கதைய கேட்டேன். அன்னைக்கு ராத்திரி சாரி கேட்ட ஆள் ஒருத்தர் இருந்திருக்காங்க. "நான் முன்னாடியே உங்க ஆபீஸ் பைக்குள்ள பாத்திருக்கணும், தப்புதான்"னு அப்பாகிட்ட அம்மா கேட்டாங்களாம்.