கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டால் சாம்பல் நீர்த்தடம் பூஜ்யமா?

குப்பம் வாசகர் கேட்கிறார்:
எங்கள் வட்டாரத்தைக் கடந்துதான் பாலாறு வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். என் மகள் தோல் தொழிலின் நீர்த்தடத்தைப் பற்றி, அதாவது ஒரு பொருளை உருவாக்கச் செலவாகும் மொத்த நீரைப் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதுகிறாள். பயிர் குடிக்கும் மழைநீர் பச்சை, ஆற்றிலும் கிணற்றிலும் எடுத்துத் திரும்பி வராமல் போவது நீலம், கழிவின் மாசு வரம்புக்குள் அடங்கத் தேவைப்படும் நன்னீர் சாம்பல் என்ற பிரிவு புரிகிறது. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) சாம்பல் தடம் பூஜ்யம் என்று எழுதலாமா?

ஆம்பூர் உறுப்பினர்:
முதலில் சாதாரண ஊர்க் கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 300 மி.கி. பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கரிம மாசைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) உள்ள ஆயிரம் லிட்டர் நீர், 3 மி.கி. வரை தாங்கக்கூடிய, இயல்பாக 1 மி.கி. உள்ள ஆற்றில் விழுந்தால், மொத்த மாசான 300 கிராமை, 3-இல் 1 போக மிஞ்சும் கன மீட்டருக்கு 2 கிராமால் வகுக்க, சாம்பல் தடம் 150 கன மீட்டர். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்து 30 மி.கி.க்குக் கொண்டுவந்தால் 15, 10 மி.கி.க்குக் கொண்டுவந்தால் 5. ஆனால் நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை. டேனரியின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையப் பணியாளர், வாணியம்பாடி:
பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலாக உப்புத் தடவுகிறார்கள்; ஊறவைக்கும்போது அது தண்ணீரில் இறங்குகிறது. ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) நல்ல நீரைப் பிரித்துத் தருகிறது என்றாலும், மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் (நீரை ஆவியாக்கும் இயந்திரத்தில்) காய்ச்ச வேண்டும். அதற்கான மின்சாரம் அனல் நிலையத்திலிருந்து வந்தால், அங்கே குளிர்விக்க ஆவியான நீரும் உங்கள் கணக்கில்தான் சேரும். திறந்த பாத்திகளில் வெயிலில் காயவிட்டால், போகும் நீர் நேராக நீலத் தடம். வெளியே ஒரு சொட்டும் விடாவிட்டால் சாம்பல் கட்டத்தில் பூஜ்யம் போடலாம், மறுக்கவில்லை. ஆனால் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடக்கிறது, அதன்மேல் மழை பெய்தால் அந்தப் பூஜ்யம் கரைந்துவிடும். ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அது செலவும் குறைவு, இயந்திரம் வேலை செய்வதற்கு முன்பே சுமையும் குறைகிறது.

குப்பம் வாசகர்:
நன்றி ஐயா. எங்கள் பக்கக் கிணறுகளே உவர்க்கின்றன. உப்புக்கான கணக்கில், இயல்பு அளவு என்ற இடத்தில் வரம்பைத் தாண்டிய இன்றைய அளவைப் போட்டால், வகுக்கும் எண்ணே எதிர்மறையாகிறதே?

ஆம்பூர் உறுப்பினர்:
அங்கே இன்றைய அளவைப் போடக் கூடாது. மனிதத் தலையீடு இல்லாதபோது இருந்திருக்கும் அளவைத்தான் போட வேண்டும். இன்றைய நிலை வேறோர் இடத்தில் வெளிப்படும்: ஆற்றுப்படுகை முழுவதன் சாம்பல் தடத்தை, அதில் உண்மையில் ஓடும் நீரால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றைத் தாண்டினால், மாசைத் தாங்கும் திறன் தீர்ந்துவிட்டது என்று பொருள். பாலாற்றைப் போல் நீரோட்டம் அரிதான ஆற்றில், சிறிய தடம்கூட அந்த ஒன்றை எளிதில் தாண்டும். வேலூர்ப் பகுதி டேனரிகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று கூறியதையும் மகள் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரையில் நீலம், சாம்பல் இரண்டையும் தனித்தனியே காட்டி, கிடங்கிலுள்ள உப்பின் எடையை அருகிலேயே எழுதச் சொல்லுங்கள்.