அயர்லாந்து நாடாளுமன்றம்: எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால், அரசே நம்பிக்கை கோருவது ஏன்?

கேள்வி – அரசியல் அறிவியல் மாணவி, மதுரை

அயர்லாந்தின் கீழவையான டாய்லின் விவாதப் பதிவுகளை ஆய்வுக்காகப் படித்து வருகிறேன். 2022 ஜூலையில், மேரி லூ மெக்டொனால்டைத் தலைவராகக் கொண்ட முதன்மை எதிர்க்கட்சியான ஷின் ஃபேன், அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஆனால் அவை வாக்களித்தது அந்தத் தீர்மானத்தின் மீதன்று. அரசு தானே முன்வைத்த நம்பிக்கைத் தீர்மானத்தின் மீது. 85க்கு 66 என்ற கணக்கில் அரசு வென்றது. 2023 மார்ச்சில் தொழிற்கட்சித் தலைவர் இவானா பாசிக் அதே முயற்சியை மேற்கொண்டபோதும் இதுவே நடந்தது. அப்போது கணக்கு 86க்கு 67. எதிர்க்கட்சி விடுத்த சவாலை அரசு இப்படித் தன் கையில் எடுத்துக்கொள்ள முடிவது எப்படி? தோல்வி உறுதி என்று தெரிந்தும் எதிர்க்கட்சித் தலைவர்கள் இம்முயற்சியில் இறங்குவது எதற்காக?

மறுமொழி – ஓய்வுபெற்ற சட்ட விரிவுரையாளர்

அயர்லாந்து அரசமைப்பின் 28ஆம் உறுப்பின்படி அரசு டாய்லுக்குப் பொறுப்புடையது. பிரதமர், அதாவது அவர்கள் டீஷக் என்றழைக்கும் பதவியில் இருப்பவர், அவையின் பெரும்பான்மை ஆதரவை இழந்தால் பதவி விலக வேண்டும். அல்லது அவையைக் கலைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு அறிவுரை கூற வேண்டும். ஆதரவை இழந்த பிரதமரின் அந்த அறிவுரையை ஏற்க மறுக்கும் முழு உரிமை 13ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவருக்கு உண்டு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவையின் அலுவல் வரிசை பெரும்பாலும் அரசின் கையில் இருப்பதால், எதிர்க்கட்சியின் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பே அரசு தன் தீர்மானத்தை வைத்துவிட முடிகிறது. தீர்மானத்தை முன்மொழிபவர் பிரதமர் என்பதால் விவாதத்தைத் தொடங்கும் வாய்ப்பும் அவருக்கே கிடைக்கிறது. இதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு என்பது என் கருத்து. எதிர்க்கட்சி எழுப்ப விரும்பிய கேள்வி வீட்டுவசதியைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ இருக்கலாம். ஆனால் வாக்கெடுப்பு மணி ஒலிக்கும்போது உறுப்பினர் முன் நிற்கும் கேள்வி, இப்போது தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதுதான். அரசின் கொள்கையை உள்ளூர வெறுக்கும் சுயேச்சைகூடத் தேர்தலைச் சந்திக்க அஞ்சி அரசின் பக்கம் வாக்களித்துவிடுவார்.

மறுமொழி – டப்ளினில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர்

ஐயா கூறியது சரி. ஆயினும் 2023 மார்ச்சை நான் அனுபவித்த விதத்தைச் சொல்ல விரும்புகிறேன். வாடகைதாரர்களைக் காலிசெய்ய வைப்பதற்கு முந்தைய அக்டோபர் இறுதியில் விதிக்கப்பட்டிருந்த தற்காலிகத் தடையை மார்ச் 31உடன் முடித்துக்கொள்ள லியோ வரத்கர் தலைமையிலான அரசு முடிவு செய்தது. அப்போது என் கையிலும், தடை நீங்கியதும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு இருந்தது. மாலையில் வேலை முடிந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முடிவை எதிர்த்து எழுந்த நம்பிக்கை விவாதத்தின் நேரலையைப் பார்த்தேன். அரசு தோற்காது என்பது எனக்கும் தெரியும். எனினும், இந்தக் குடும்பங்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு நாட்டின் பிரதமர் அவையில் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாயிற்று. என் தொகுதி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை நான் இன்றும் மறக்கவில்லை. வாடகை வீட்டில் வாழ்பவனுக்கு அது சிறிய விஷயமன்று.

மறுமொழி – அயர்லாந்து வரலாற்று வாசகர்

நண்பரின் வேதனை எனக்குப் புரிகிறது. எனினும் நம்பிக்கை வாக்கெடுப்பை எதிர்க்கட்சியின் சிறந்த ஆயுதமாக நான் கருதவில்லை. 1982 நவம்பரில் சார்ல்ஸ் ஹாஹியின் அரசு 82க்கு 80 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. 1992 நவம்பரில் ஆல்பர்ட் ரெனால்ட்ஸின் அரசு 88க்கு 77 என்று கவிழ்ந்தது. முதல் முறை தொழிலாளர் கட்சியின் (Workers' Party; மேலே சொன்ன தொழிற்கட்சி வேறு) மூன்று உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த முறை கூட்டணிப் பங்காளியான முற்போக்கு ஜனநாயகக் கட்சியினர் வெளியேறினார்கள். எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சு எந்த அரசையும் தனியாகக் கவிழ்த்ததில்லை. ஆதரவு தந்தவர்கள் விலகியபோதுதான் அரசு கவிழ்ந்தது.

ஆகவே அந்த ஆதரவாளர்களைப் பிரிக்கவல்ல கேள்வியை எழுப்புவதே எதிர்க்கட்சித் தலைவரின் கடமை. 2023 மார்ச் 22 அன்று, தடையை நீட்டிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு ஷின் ஃபேன் கொண்டுவந்த தீர்மானம் 83க்கு 68 என்று தோற்றது. ஆனால் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த பசுமைக் கட்சியின் நீசா ஹூரிகன் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். அதற்காக அவருடைய கட்சி அவரை 15 மாதங்களுக்கு விலக்கி வைத்தது. வீடு என்று மட்டும் கேட்டபோது அரசுத் தரப்பில் ஒரு மனசாட்சி அசைந்தது. ஒரு வாரம் கழித்து ஆட்சியே வேண்டாம் என்று கேட்டபோது கூட்டணி இறுகிக்கொண்டது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் இவ்வளவு கடுமையாக எதிர்த்ததன் பயன் தேர்தலில் தெரிந்ததா?

மறுமொழி – அயர்லாந்து வரலாற்று வாசகர்

எதிர்பார்த்த அளவில் தெரியவில்லை, அம்மா. 2020இல் 24.5 விழுக்காடு முதல் விருப்ப வாக்குகளை (வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறையில் முதலிடமாகக் கிடைக்கும் வாக்குகள்) பெற்ற ஷின் ஃபேன், 2024 நவம்பர் 29 தேர்தலில் 19 விழுக்காட்டுக்கு இறங்கியது. 174 இடங்களில் ஃபியனா ஃபாயில் 48, ஷின் ஃபேன் 39, ஃபீன கேல் 38 இடங்களைப் பெற்றன. 1922–23 உள்நாட்டுப் போரின் எதிரெதிர் அணிகளிலிருந்து தோன்றிய இரு பழைய கட்சிகளான ஃபியனா ஃபாயிலும் ஃபீன கேலும் 2020இல் முதன்முறையாகக் கைகோத்து ஆட்சி அமைத்தன. 2025 ஜனவரியில் சுயேச்சைகளின் துணையோடு மீண்டும் ஆட்சிக்கு வந்தன. அந்தச் சுயேச்சைகளில் சிலர் அரசை ஆதரித்துக்கொண்டே எதிர்க்கட்சிகளுக்குரிய நேரத்தில் பேசும் உரிமையும் கேட்டதால் அவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, பிரதமராக மிஹால் மார்ட்டினைத் தேர்ந்தெடுப்பதே ஒரு நாள் தள்ளிப்போனது. எதிர்க்கட்சிகள் அந்தச் சில நிமிடங்களுக்காக அப்படிப் போராடியது சரியே என்று நான் நினைக்கிறேன். பெரும்பான்மை இல்லாதவர்களுக்கு அவையில் மிஞ்சியிருப்பது அந்த நேரம்தான். உங்கள் ஆய்வில் 2023 மார்ச் 22, 29 ஆகிய இரு நாள்களின் வாக்குப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டுப் பாருங்கள்.